மஞ்சள் துணியில் கட்டிய ஃபீஸ்

ஒரு வருஷமாகத் தாட்சாயணி கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறாள். பசி என்ற ஒன்று அவளுக்கு வருவதில்லை. காலை எட்டு, மதியம் ஒன்றரை, ராத்திரி ஒன்பது. மணி ஆனால் தட்டை எடுப்பாள், இருப்பதைப் போட்டுச் சாப்பிடுவாள், கழுவிக் கவிழ்ப்பாள். உப்பு கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது. அம்மா சுந்தராம்பாள் போன அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழ, இவள் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி பில்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "பொண்ணா இது, கல்லா?" என்று யாரோ கேட்டது அவள் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன, உள்ளே போகவில்லை.

கல் என்று சொன்ன வாய்களில் ஒன்றாவது அடுத்த மாதம் வந்து வாடகை கட்டியதா? கேட்டால் கோபம் வரும். அம்மா போனபோது இவளுக்கு இருபத்து மூன்று வயது. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் பில் போடும் வேலை. பதினாறாயிரம் சம்பளம், ஐயாயிரம் வாடகையில் ஓர் அறை. சொந்த ஊர் நகரி. நைனா அவள் எட்டாவது படிக்கும்போதே லாரி மோதிப் போய்விட்டார். மிச்சம் இருந்தது தம்பி பரணி ஒருவன். இன்டர், அதாவது ப்ளஸ் டூ, பாஸ் செய்துவிட்டு, அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் படிப்பைத் தொடராமல் நின்றுபோனவன். இப்போது பத்தொன்பது நடக்கிறது.

அம்மா ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தவள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மகளிர் குழுவில் போட்டு வைத்த பணமும், ஒற்றைச் சங்கிலியை விற்ற பணமுமாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் விட்டுப் போனாள். கடைசி நாட்களில், மூச்சு வாங்க வாங்க, ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இத வூட்டுச் செலவுக்குத் தொடாதே தாட்சு. அவன படிக்க வெச்சுடு." இவள் சரி என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் ஒரு வருஷமாக அவளை எழுப்பி, குளிக்க வைத்து, வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் மே மாதம் அந்தப் பணத்தில் கை வைத்தான் பரணி. எல்லாம் இந்தக் கிரிக்கெட் பந்தய ஆப். அம்மாவின் போன் அவனிடம் இருந்தது, அக்காவின் பேங்க் கணக்கு அந்த நம்பரோடு சேர்ந்திருந்தது. பதினொரு நாளில் நாற்பத்தெட்டாயிரம். முதல் நாள் எண்ணூறு ஜெயித்தானாம், அந்த எண்ணூறைத் துரத்திக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போன தாட்சாயணி, அச்சடித்து வந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு வங்கி வாசலில் அரைமணி நேரம் நின்றாள். அப்புறம் வீட்டுக்கு வந்தாள்.

திட்டவில்லை, அடிக்கவில்லை. "மீதி அறுபத்தி ரெண்டாயிரம் கீது," என்று சொல்லிவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள். இரண்டு அறை விட்டிருந்தால் அந்தப் பையனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் விக்கி விக்கி அழுதான். இவள் குழம்பு வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் சட்டம் வந்துவிட்டது. அவனிடம் இருந்த அம்மாவின் போன் பெட்டிக்குள் போனது, பதிலுக்கு ஒரு பட்டன் போன். பேங்க் கணக்கு தாட்சாயணியின் நம்பருக்கு மாறியது. தினம் ஐம்பது ரூபாய், அதற்கு மேல் கிடையாது. சாயங்காலம் ஆனால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுத வேண்டும். டீ பத்து, பஸ் இருபது, மீதி இருபது என்று அவன் எழுதுவான். அவள் கூட்டிப் பார்த்து டிக் போடுவாள். அக்கா தம்பிக்குள் பேச்சு அவ்வளவுதான். அவன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. மத்தியானங்களில் லேபுக்கு வந்து, ரத்தக் குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டக் கற்றுக்கொண்டான். ரத்தம் எடுக்கும் ரூபா, "உங்க தம்புடுக்கு நல்ல கை அக்கா, ஒண்ணு கூட மாத்தி ஒட்டல," என்று சொன்னாள். லேப் முதலாளி கோவர்த்தனன்கூட, "லேப் டெக்னீஷியன் படிப்பு படிச்சுட்டு வரட்டும், இங்கயே வேலை குடுக்கறேன்," என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த அறுபத்திரண்டாயிரத்தை என்ன செய்வது என்பதுதான் பாடு. வேறு பேங்கில் கணக்குத் தொடங்கலாம்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பேங்க் என்றாலே பயமாக இருந்தது. போனில் நாலு தட்டுத் தட்டினால் போய்விடுகிற பணம் பணமா? மொத்தத்தையும் நோட்டாக எடுத்து வந்துவிட்டாள். வீட்டிலோ தம்பி இருக்கிறான். அவன் போதாதென்று புத்தூரில் பூவராகவன் மாமா இருக்கிறார், அம்மாவின் தம்பி. யார் கையில் நாலு காசு இருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கடன் கேட்பார், கொடுத்தால் கிணற்றில் போட்ட கல். மறைத்து வைத்தால் வைத்த இடத்தைக் கேட்பார்கள், கேட்டால் இவளுக்குப் பொய் சரளமாக வராது.

அப்போதுதான் அலமாரியில் பெருமாள் படத்துக்கு முன்னால் கிடந்த மஞ்சள் துணி கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்து வீடுகளில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், ஏழுமலையானை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். முடிப்பு என்று பெயர். முடிந்த நிமிஷத்திலிருந்து அந்தக் காசு வீட்டுக் காசு இல்லை, மலைமேல் இருப்பவருடைய காசு. நாலு நாள் அடுப்பு எரியாவிட்டாலும் அந்த முடிச்சை ஒருவரும் அவிழ்க்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு போய் உண்டியலில் போட வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று அம்மா தன் கையால் பதினோரு ரூபாய் முடிந்து, பிழைத்து எழுந்தால் நடந்தே மலையேறி முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். துணி மட்டும் கிடந்தது. கேட்டதைக் கொடுக்காதவருக்கு என்ன பாக்கி என்பது தாட்சாயணியின் கணக்கு. கோபமாகக்கூட அவள் அதை நினைக்கவில்லை, வரவில் இல்லாததைச் செலவில் எழுத முடியாது என்பதுபோல நினைத்தாள்.

முடிச்சை அவிழ்த்தாள். நூற்று இருபத்துநாலு ஐநூறு ரூபாய் நோட்டுகளை உள்ளே வைத்து, அம்மாவின் பதினோரு ரூபாயையும் அதன் மேலேயே வைத்து, மறுபடி இறுக்கி முடிந்தாள்.

"அம்மா நேந்துக்கினது. மாசா மாசம் நானும் கொஞ்சம் போட்டுக்கினு வரேன்," என்று பரணியிடம் சொன்னாள். "சாமி பணம். தொட்டா கை வெளங்காது."

"என் ஃபீஸு?"

"அது பேங்க்ல கீது. பத்திரமா கீது."

அடேயப்பா, என்ன கெட்டிக்காரத்தனம்! அடுத்த வாரமே பூவராகவன் மாமா வந்தார். அலமாரியைப் பார்த்தார், சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் முடிப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது அதன் முன்னால் ஒரு பத்து ரூபாய் நோட்டை வேறு வைத்துவிட்டுப் போனார். ஆயுசில் அவர் ஓர் இடத்தில் பணம் வைத்துவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. எந்த பேங்க் லாக்கரும் இப்படிக் காவல் காக்காது என்று தாட்சாயணி எண்ணிக்கொண்டாள்.

அதற்கு மேலே இன்னொரு பூட்டும் இருந்தது. பெற்றவள் போன வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் யாரும் மலையேறக் கூடாது. அதனால் முடிப்பை எப்போது கொண்டுபோய்ச் செலுத்துவது என்ற பேச்சே எழாது. ஜூனில் காலேஜ் சேர்க்கை முடிந்துவிடும், ஃபீஸ் கட்டிவிடலாம், அம்மாவின் வருஷம் ஜூலையில்தான் வருகிறது. எல்லாம் தேதி பார்த்துப் போட்ட கணக்கு.

சேர்க்கை தள்ளிப்போயிற்று. ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை நகரியில் அம்மாவுக்கு வருஷத் திதி நடந்தது. அதற்காக லேபில் எட்டாயிரம் முன்பணம் வாங்கியிருந்தாள். எல்லாம் முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் மாமா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "அவ்ளோதாண்டா பரணி, வருஷம் திரும்பிடுச்சு. இனிமே கல்யாணம் காச்சிக்குப் போலாம், மலைக்குப் போலாம், தீட்டு இல்ல," என்று சொன்னார். தாட்சாயணி அப்போது சமையல்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். மாமா சொன்னதைப் பரணி கேட்டான். இவள் கோட்டை விட்டாள்.

அடுத்த நாள், திங்கட்கிழமை, அக்காவும் தம்பியும் சித்தூருக்குப் போனார்கள். அங்கே ஒரு தனியார் காலேஜில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அவனுக்கு இடம் வந்திருந்தது. ஆபீசில் முனிகிருஷ்ணன் என்று ஒரு கிளார்க், நல்ல மனுஷன், பொறுமையாகவே சொன்னார். "ஹாஸ்டலும் சேர்த்து அறுபதாயிரத்து ஐநூறும்மா. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல என் கையில இல்ல, வெயிட்டிங் லிஸ்ட்ல ஏழு பேரு கீறாங்க." கட்டிவிடுகிறோம் என்று தாட்சாயணி சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பரணி ஏதோ கேட்க நினைப்பதும் விடுவதுமாக இருந்தான். சந்திரகிரி தாண்டியதும் கேட்டே விட்டான்.

"ஏங்கா, வெள்ள கோட்டு அவங்களே குடுப்பாங்களா, நாம வாங்கணுமா?"

"வாங்கணும். ஐநூத்தி அம்பது."

"நான் தினக்காசுலேர்ந்து சேத்துடறேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தாட்சாயணி அதைப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, சந்தோஷம் வரவில்லை.

புதன்கிழமை விடிகாலையில் அவன், "நகரிக்குப் போய் ஸ்டடி சர்டிஃபிகேட் வாங்கிக்கினு வரேன்கா. நேரமாச்சுன்னா கிஷோர் வூட்ல தங்கிக்கறேன்," என்றான். கிஷோர் அவனோடு படித்தவன். பந்தய ஆப்பை முதலில் பழக்கிவிட்ட புண்ணியவானும் அவனேதான். தாட்சாயணி இரண்டு நிமிஷம் யோசித்தாள். சர்டிஃபிகேட் வேண்டியதுதான். இருநூறு ரூபாய் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவனுக்குச் சாயங்காலம் போன் போட்டால் அணைந்து கிடந்தது. அப்புறமும் போட்டாள், அப்படியே கிடந்தது.

வியாழக்கிழமை காலை. நாளைக்குக் கட்ட வேண்டிய பணத்தை எண்ணி எடுத்து வைத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தாள். பெருமாள் படம் இருந்தது. மாமா வைத்த பத்து ரூபாய் நோட்டு இருந்தது. முடிப்பு இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் மட்டும் இருந்தது.

கிஷோருக்குப் போன் செய்தாள். "பரணியா? இங்க வரலியேக்கா. நான்தான் இந்த வாரம் நாலஞ்சு வாட்டி போன் போட்டேன், எடுத்து வேணாம் வேணாம்னு வெச்சுட்டான்," என்றான் அவன். தாட்சாயணி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படிக்கூட அவளுக்கு இல்லை. எல்லாம் ஓடின. தம்பி எனக்கு நாமம் போட்டுவிட்டான் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், எட்டு. நேற்றைய சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

லேபில் கூட்டம். சர்க்கரைக்கு எண்பது, தைராய்டுக்கு நானூறு. ஒரு பெரியவருக்குத் தைராய்டுக்கு எண்பது ரூபாய் என்று பில் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் அவள் போட்ட முதல் தப்பு பில் அது. ரூபா கையுறையைக் கழற்றியபடியே ஓடி வந்தாள்.

"ஏமைந்தி அக்கா? உடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் இல்ல. பரணி ஃபீஸ் பணத்த எடுத்துக்கினு போயிட்டான்."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். ரூபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ தேவுடா! போலீஸ்ல சொல்லணும் அக்கா!" என்று பதறினாள்.

"சொல்லி? அவன உள்ள வெச்சா ஃபீஸு கட்டியாயிடுமா?"

மத்தியானம் போல மாமாவுக்குப் போன் செய்து பார்த்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நானே போட்டுருப்பேன் தாட்சு, நீ போட்டுட்டே. ஒரு அஞ்சாயிரம் கெடைக்குமா, அடுத்த வாரம் திருப்பிக் குடுத்துடறேன்." இல்லை மாமா என்று சொல்லி வைத்துவிட்டாள். முதலாளியிடம் கேட்கலாமென்றால் வாங்கிய எட்டாயிரமே இன்னும் கழியவில்லை. ஒன்றரை மணி வந்தது, போனது. சாப்பாட்டு டப்பா பையிலேயே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டே முக்காலுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மொட்டைத் தலை உள்ளே வந்தது. தலை முழுக்கச் சந்தனம், நெற்றியில் நாமம், கையில் லட்டுப் பை. டோக்கன் வாங்க நின்றிருந்த ஒரு வயதான அம்மாள் அந்தப் பையைப் பார்த்ததும் "கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டாள். பில் எழுத நிமிர்ந்த தாட்சாயணிக்கு அது யார் என்று புரியவே ஒரு நொடி ஆயிற்று.

"அக்கா," என்றான் பரணி. கால் வலியில் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தான். "பேசணும்கா. அஞ்சு நிமிஷம் வரியா?"

கவுண்டரை ரூபாவிடம் விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த இடத்துக்கு வந்தாள்.

"நகரிக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டேன். உண்மைய சொன்னா நீ வுட்டிருக்க மாட்டே," என்று ஆரம்பித்தவன் ஒரே மூச்சாகச் சொன்னான். "கிஷோர் தினம் போன் பண்றான்கா. ஐநூறு போட்டா ஆயிரம் சேத்துத் தராங்களாம், வுட்டதெல்லாம் புடிச்சுடலாமாம். நான் வேணாம்னுட்டேன். ஆனா போன வெச்சப்புறம் கண்ணு அலமாரிக்கே போவுது. திங்கக்கெழமயிலேர்ந்து ராவுல தூக்கம் இல்ல. ஒரு வாட்டி எழுந்து போய் கையில எடுத்துட்டேன். சாமி பணம்னு தெரிஞ்சே எடுத்துட்டேன்கா. அப்பதான் பயம் வந்துச்சு. இது இந்த வூட்ல இருந்தா என்னிக்காவது நான் அவுத்துடுவேன். மாமாதான் வருஷம் திரும்பிடுச்சுன்னாரே. அம்மா நடந்து வரேன்னு நேந்துக்கினா, முடி தரேன்னு நேந்துக்கினா. அவளுக்குப் பதிலா நான் போய் எல்லாம் குடுத்துட்டு வந்துட்டேன். இப்ப மனசு லேசா கீது."

"முடிப்ப என்னடா பண்ணே?"

"உண்டியல்ல போட்டுட்டேன்கா. அப்பிடியே, முடிச்சோட."

"எவ்ளோ இருந்துச்சுன்னு பாத்தியா?"

"நோட்டா கீதுன்னு கைக்குத் தெரிஞ்சுது. பாக்கல. தொட்டா கை வெளங்காதுன்னு நீதானே சொன்னே?"

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்து நீட்டினான். "நீ குடுத்த இருநூறுக்குக் கணக்கு. அலிபிரிக்கு பஸ்ஸு இருபது. மொட்டை ஃப்ரீ. சாப்பாடு ஃப்ரீ. லட்டு ஒண்ணு ஃப்ரீ, உனக்காக இன்னொண்ணு வாங்கினேன், அம்பது. எறங்க பஸ்ஸு தொண்ணூறு. மீதி நாப்பது, இந்தா." நாலு பத்து ரூபாய் நோட்டுகளை அவள் கையில் வைத்தான். வைத்துவிட்டுக் கேட்டான் பாருங்கள், அதுதான் கொடுமை.

"நாளைக்கு சித்தூருக்கு எத்தினி மணி பஸ்ஸுக்கா?"

தாட்சாயணி கையிலிருந்த நாற்பது ரூபாயைப் பார்த்தாள். காலேஜில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று சொல்லலாம். பேங்கில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். அவன் நம்புவான். இவள் சொன்னால் எதையும் நம்புகிறான், அறுபத்திரண்டாயிரத்தைக் கொண்டுபோய் உண்டியலில் போடும் அளவுக்கு நம்புகிறான். ஒரு வருஷமாக எதுவும் ஏறாமல் கிடந்த மனசில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. அது துக்கம் இல்லை, கோபமும் இல்லை. வெட்கம். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பரணி, பேங்க்ல பணம் இல்லடா. மே மாசமே எடுத்துட்டேன். அந்த முடிப்புல இருந்ததுதான் உன் ஃபீஸு."

அவன் சிரிக்கத் தயாரானான். அக்கா விளையாடுகிறவள் இல்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எவ்ளோ?"

"மொத்தமும். அறுபத்தி ரெண்டு."

பரணி தண்ணீர் கேன்மேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டான். விரல்களில் சந்தனம் ஒட்டியது. தலையைத் தூக்காமலே கேட்டான். "சாமி பணம்னு சொன்னியே?"

"உன்கிட்டேர்ந்து காப்பாத்த அப்பிடிச் சொன்னேன். நான் உன்ன நம்பல."

"காலையில அலமாரியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான்தான் திருடிக்கினு போயிட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"அப்புறம் இன்னா பண்ணே?"

"துன்னுட்டு வேலைக்கு வந்தேன்."

"துன்னுட்டு வந்தியா?" அவன் குரல் கீச்சென்று உயர்ந்தது. "தம்பி திருடன்னு நெனச்சுக்கினே சோறு துன்ன முடிஞ்சுதா உனக்கு? அன்னிக்கும் இப்பிடித்தான் பண்ணே. நாப்பத்தெட்டாயிரம் வுட்டுட்டு வந்து நிக்கறேன், குழம்பு வேணுமான்னு கேக்கறே. ஒரு அடி அடிச்சிருக்கலாம் இல்லக்கா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் இல்ல? அம்மா செத்துட்டா சரி. நீயும் கூடவே போயிட்டியா?"

படியேறி வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. தாட்சாயணி குனிந்து அவன் தலையில் கை வைத்தாள். சொரசொரப்பாக, சில்லென்று இருந்தது. அம்மாவுக்குக் கொள்ளி வைத்த நாளிலும் இந்தத் தலையை மழித்திருந்தார்கள். அன்றைக்கு இவள் இவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதுதான்டா," என்றாள். "நீ எடுத்து வெளையாடியிருந்தா பணம் மட்டும்தான் போயிருக்கும், அத நான் எழுதி வெச்சிருப்பேன். இப்ப நான் சொன்ன பொய்யால உன் சீட்டு போச்சு."

அவன் மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தான். "போய்க் கேட்டா சாமி ஆபீஸ்ல திருப்பித் தருவாங்களா?"

"உண்டியல்ல போட்டத யார்டா தருவாங்க? நாமன்னு எப்பிடித் தெரியும்?"

"தர மாட்டாங்க," என்று அவனே தலையாட்டினான். "நாளைக்கு சித்தூருக்கு நான் மட்டும் போய்ட்டு வரேன். முனிகிருஷ்ணன் சார்கிட்ட, நாங்க கட்டல, லிஸ்ட்ல கீற பையனுக்குக் குடுத்துடுங்கன்னு நேருல சொல்லிட்டு வரேன். நாலு மணி வரைக்கும் அவன் வேற காத்துக்கினு இருப்பான் இல்ல? அப்புறம் புத்தூர்ல, மாமா தெருவுல கீற வேணு அண்ணன் கடையில ஆள் வேணும்னாங்க, போய்க் கேட்டுப் பாக்கறேன். அடுத்த வருஷம் படிக்கறேன்கா."

அடுத்த வருஷம் என்பதை அவன் கணக்குத் தாளில் எழுதுகிற மாதிரி சொன்னான். தாட்சாயணி பர்ஸைத் திறந்தாள். ஏடிஎம் கார்டை எடுத்து அவன் முன் நீட்டினாள். அவன் வாங்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எனக்கு எதுக்கு?"

"வூட்ல அரிசி இல்ல. பருப்பும் இல்ல. வாங்கிக்கினு போ. இனிமே இது உன்கிட்டயும் இருக்கட்டும்." பின் நம்பரைச் சொன்னாள். அம்மாவின் பிறந்த வருஷம்.

"எவ்ளோ கீது இதுல?"

"மூவாயிரத்து எரநூறு. ஒண்ணாந்தேதி வரைக்கும் நமக்கு அதுதான்."

அவன் கார்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். அப்புறம் சட்டைப் பையில் போட்டு, பைமேல் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, தாங்கித் தாங்கி நடந்து தெருவில் இறங்கினான். லட்டுப் பையை அக்காவிடமே விட்டுவிட்டுப் போனான்.

தாட்சாயணி கவுண்டருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இரண்டு பில் போட்டாள், மூன்றாவது போட்டாள். போன் ஒரு தடவை அதிர்ந்தது. பேங்க் செய்தி. மே மாதத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே கை போனுக்குப் போய்விடும். எடுத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு மளிகைக் கடை, நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அரிசி, பருப்பு. இன்னும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த செய்தி எதுவும் வரவில்லை.

அப்போதுதான் வயிற்றில் என்னவோ கடிப்பதுபோல இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. சாப்பாட்டு நேரமே இல்லை. பின்னே ஏன் இப்படி என்று கொஞ்சம் திகைத்தாள். புரிந்ததும் மேஜைக்கு அடியில் லட்டுப் பையைப் பிரித்து, ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள். ஏலக்காய் நெடி ஏறியது. நெய், முந்திரி, ஒரு கல்கண்டு. அவ்வளவு இனிப்பு. அவன் கால் வீங்க மூவாயிரத்துச் சொச்சம் படி ஏறி வாங்கி வந்த லட்டு, அவன் ஒரு வருஷப் படிப்பு.

கண்ணிலிருந்து தண்ணீர் பில் புத்தகத்தின்மேல் சொட்டியது. எதிரே நின்ற பெரியவர், "ஏம்மா, என்ன ஆச்சு?" என்று பதறினார். "ஒண்ணும் இல்லீங்க, பசிக்குது," என்றாள் தாட்சாயணி. ரூபா ஓடிவந்து பில் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். தாட்சாயணி முகத்தைக்கூடத் துடைக்காமல், மிச்ச லட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தின்றாள்.